நான்கு புள்ளிகள்

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள் ஒரே ஆய்வகத்திலும் வேலை பார்த்தால், அடுக்களைப் புகைச்சல் அங்கே வராமல் இருக்குமா? மூத்தவள் ஆய்வாளர். கிருமி வளர்க்கும் அகார் கூழ் காய்ச்சுவது முதல் டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டுவது வரை இளையவளின் கைவேலை.

தக்காளி இலையைக் கருக்கும் பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு. மருந்துக்கு அடங்காத குணம் அதில்தான் இருக்கிறது என்பது மூத்தவளின் வாதம். அந்த வளையத்தை, மருந்து பட்டால் செத்துவிடும் ஒரு சாது பாக்டீரியாவுக்கு மாற்றி, மருந்து கலந்த அகார் தட்டில் அதைப் பிழைக்க வைத்துக் காட்டினாள். வளையம் வாங்காத சாது, பக்கத்து மருந்துத் தட்டில் செத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே கிருமிக் கூட்டங்களாக நான்கு புள்ளிகள் முளைத்திருந்தன. இது எப்படி என்று காட்டாவிட்டால் இந்த ஆய்வு வேலை வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார் ஆய்வகத் தலைவர்.

"மருந்தைக் குறைச்சுப் போட்டிருக்கா. வேணும்னே," என்று கணவனிடம் குமைந்தாள் மூத்தவள். அவன் தலையாட்டி வைத்தான். தம்பி பெண்டாட்டி விஷயத்தில் வாயைக் கொடுக்க அவனுக்கென்ன பைத்தியமா?

இந்த முறை மூத்தவளே அகார் காய்ச்சினாள். குடுவையைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு மருந்து ஊற்றுவதுதான் முறை. ஆனால் இளையவள் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்தாளே! சந்தேகம் வந்துவிட்டால் படித்த படிப்பு எங்கே நிற்கும்? ஆவி பறக்கும்போதே மருந்தைக் கொட்டி, தட்டுகளில் ஊற்றி, இரண்டு வகைக் கிருமியையும் பூசி, அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தால், சாது சாக வேண்டிய தட்டு முழுக்கக் கிருமி பாய் விரித்தாற்போல் வளர்ந்து கிடந்தது. இளையவள் கள்ளச்சாவி போட்டுத் தட்டை மாற்றிவிட்டாள் என்று எழுதித் தலைவர் மேசையில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

திரும்பி வந்தபோது இளையவள் அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சூட்டோட மருந்து ஊத்திட்டீங்களா? இந்த மருந்து சூடு தாங்காதே. அப்புறம் எதுதான் வளராது?"

மூத்தவள் கைப்பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"போகட்டும், போன வாரத் தட்டே போதும். அந்த நாலையும் நான் தூக்கிப்போடல. ஜெல்லுல ஓட்டிப் பாத்தேன். வளையமே இல்ல, தானா மாறிக்கிட்டதுங்க. கோடியில ஒண்ணு அப்படி ஆகும்ல. நீங்க வளையம் மாத்தின தட்டுல முளைச்ச முந்நூறு புள்ளியில பத்து எடுத்தேன், பத்துலயும் வளையம் இருக்கு. இந்த ஜெல் படத்தைத் தலைவர்கிட்ட காட்டுங்க, உங்க வேலை எங்கேயும் போகாது."

படத்தை அவள் கையில் வைத்தாள். அப்போது எழுத்தர் கதவைத் திறந்து இளையவளைப் பார்த்தார். "தலைவர் உங்களை உடனே வரச் சொன்னார்."

"என்னையா? எதுக்குன்னு தெரியலையே," என்று கைகளைத் துடைத்துக்கொண்டாள் இளையவள். "துணைக்கு நீங்களும் வர்றீங்களா அக்கா?"