பொன்னாடையில் கட்டிய தக்காளி

மூன்றே மூன்று சொற்களால், மைக்கைத் தொடாமல், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல், நானூறு பேர் நிறைந்த விருது விழா மண்டபத்தை ஒன்றரை நிமிடத்தில் காலி செய்தவன் நான். மேடையில் பொன்னாடையோடு வீற்றிருந்த பன்னிரண்டு சாதனையாளர்களும் அதில் அடக்கம். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் பத்துப் பதினைந்து பேரைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓடியவர்களெல்லாம் இன்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் சங்கச் செயலாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி.

சங்கம் என்றால், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கம், அந்தமான் கிளை. நானும் உறுப்பினன்தான். தபால் வழியில் பி.ஏ. பொருளாதாரம், பதினோரு முறை எழுதித் தேறினேன். அந்தப் பல்கலைக்கழகத்தோடு என்னளவுக்கு நீண்ட உறவு வைத்திருந்தவர் எவரும் இல்லை. ஹேடோ துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணினேன். ஓய்வு பெற்றபின் மனிதர்களைக் கவனிக்கிறேன். மூட்டைகளே தேவலை.

எங்கள் சங்கம் வருடந்தோறும் சாதனையாளர் விருது கொடுக்கும். என்ன சாதனை என்று மட்டும் கேட்கக்கூடாது. போன வருடம் ஒருவர் இருபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததற்காக வாங்கினார். நியாயமாகப் பார்த்தால் அதை அந்த நாற்காலிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் எப்படியோ கைதவறி ஓர் உண்மையான பெயரும் பட்டியலில் விழுந்துவிட்டது. ஜெயராணி. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பெண். இலங்கை மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். அம்மா அழகம்மா ரப்பர் பால் வெட்டித்தான் மகளை விவசாயப் பட்டம் படிக்க வைத்தார். அந்தப் பெண் இப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சௌல்தாரியில் இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, கொட்டும் மழையில் தக்காளி விளைவிக்கிறாள். எங்கள் ஊர் மழையில் தக்காளி விளைவிப்பது, கடலில் கோலம் போட்டு அது அழியாமல் பார்த்துக்கொள்வதைப் போல. விருதுக் கடிதம் கிடைத்ததும் அழகம்மா ஒன்றரை நாள் கப்பலில் வாந்தியெடுத்தபடி வந்து சேர்ந்தார். அவர் வாழ்நாளில் ஏறிய முதல் விழா மண்டபம் அதுதான்.

அவர் வந்து இறங்கிய மறுநாளே கடல் கெட்டுவிட்டது. பதினோரு நாளாகச் சென்னையிலிருந்து சரக்குக் கப்பல் இல்லை. அபர்டீன் பஜாரில் தக்காளி என்ற பொருளே மறைந்துபோனது. ஓர் ஓட்டலில் சுவரிலிருந்த தக்காளிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடச் சொன்னார்கள் என்று கேள்வி. நான் சொன்னதுதான், ஆனால் ஊர் நம்பியது.

விழா அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே மண்டபத்துக்குப் போனேன். அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் குனிந்து, ஒரு கேடயத்தின் மேல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கேடயத்துக்குக் காயமா? பிளாஸ்திரி போடுறீங்க?"

"சும்மா இரும் வே பன்னீர்செல்வம். சிவபிரகாஷுக்கு ஒண்ணு கொடுக்கணும். மண்டபம், சாப்பாடு எல்லாம் அவரு உபயம். பேரு வெட்டின தகடு சென்னையிலேர்ந்துல்லா வரணும்? கப்பல் எங்க இருக்கு? அதான் காகிதத்துல எழுதி ஒட்டுதேன்."

"கீழே யார் பேர் இருக்கு?"

"அந்தக் கச்சால் பொண்ணு பேரு. அவளுக்கு அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"அவங்க அம்மா வந்திருக்காங்க, அண்ணாச்சி."

"வரட்டும். நல்லா சாப்பாடு போட்டு அனுப்புவோம்."

சிவபிரகாஷ் காண்டிராக்டர். மழை வந்தால் அவர் போட்ட ரோட்டில் தண்ணீர் ஓடாது, ரோடுதான் ஓடும். எங்கள் பல்கலைக்கழகத்தில் தாம் படித்த விவரம் அவருக்கே அந்த வாரம்தான் தெரியும் என்பது என் கணிப்பு.

ஆறு மணிக்கு விழா தொடங்கியது. கடைசி வரிசையில் அழகம்மா, ஜெயராணி, நான். பன்னிரண்டு பேரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் ஜெயராணி பெயர் இல்லை. அவள் முகம் கறுத்துப்போனது. என் காதருகே குனிந்தாள். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க அங்கிள். நானே மெதுவா சொல்லிக்கிறேன்."

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அழகம்மா கேட்டார். "ஏங்க ஐயா, நம்ம புள்ளைய எப்பங்க கூப்புடுவாங்க?"

"கடைசியா, அம்மா. பெரிய ஆளைக் கடைசியிலதான் கூப்பிடுவாங்க."

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு விழிக்க வேண்டியதாயிற்று. மேடையில் ஒருவர் மற்றவரை இமயம் என்றார். மற்றவர் இவரைக் கடல் என்றார். இரண்டுக்கும் நடுவில் எங்களுக்குக் கொட்டாவி. கேடயங்கள் மேசையில் வரிசையாகக் காத்திருந்தன.

அப்போது ஜெயராணியின் போன் அதிர்ந்தது. பேசிவிட்டு எழுந்தாள். "நான் போகணும் அங்கிள். சௌல்தாரி டெம்போ பஜாருக்கு வந்துருச்சு. நாற்பது கூடை. அங்க நிறுத்துப் போட ஆளில்ல."

என் மூளை வாழ்நாளில் ஒரே முறை வேலை செய்தது. அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். முன் வரிசைக்காரரின் தோளைத் தட்டி, எங்கள் தீவில் வங்காளியும் தெலுங்கரும் தமிழரும் பஜாரில் சேர்ந்து பேசும் இந்தியில், சற்று உரக்கவே சொன்னேன்.

"டமாட்டர் ஆ கயா."

தக்காளி வந்துவிட்டது. அவ்வளவுதான். முன் வரிசைக்காரர் திரும்பி, "கஹான்?" என்றார். "அபர்டீன் பஜார்" என்றேன். அவர் மனைவி அதற்குள் வாசலில் இருந்தார். வரிசை வரிசையாக நாற்காலிகள் கவிழ்ந்தன. மேடையில் கடல் முதலில் எழுந்தது, இமயம் அதைத் தாண்டிக்கொண்டு ஓடியது. சிவபிரகாஷ் வேட்டியை மடித்துக் கட்டியபடி படி இறங்கினார். வரவேற்புரை ஆற்றியவர் மைக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டார். புகைப்படக்காரர் ஓடினார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். அண்ணாச்சி ஓடிய வேகத்தில் அவர் செருப்பு ஒன்று மேடையிலேயே தங்கிவிட்டது.

மேடையில் மிஞ்சியவர் சிறப்பு விருந்தினர் மட்டும். காலை விமானத்தில் வந்திறங்கிய வயதான பேராசிரியர். தக்காளி எந்நேரமும் கிடைக்கும் தேசத்துக்காரர், பாவம்.

"என்ன ஆச்சு? தீப்பிடிச்சுதா?"

"இடைவேளை, சார். இன்னும் ஒரு விருது பாக்கி இருக்கு."

மேசையிலிருந்த அந்தக் கேடயத்தை எடுத்தேன். ஊர் ஈரத்தில் பசை காயவே இல்லை. விரலை வைத்ததும் சிவபிரகாஷ் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தார். பித்தளைத் தகட்டில் ஜெயராணி. பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயரை முழுதாக வாசித்தார். அவள் செய்த வேலையை விசாரித்தார், அதிலும் ஐந்து கேள்வி கேட்டார். அதன் பிறகே கொடுத்தார். நான் போனில் படம் எடுத்தேன். பாதிப் படத்தில் என் கட்டைவிரல். அழகம்மா முன் வரிசைக்குப் போய், நானூறு காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று, ஒற்றை ஆளாகக் கைதட்டினார். பேராசிரியர் அவரை வணங்கினார்.

பிறகு மூவரும் ஆட்டோவில் பஜாருக்கு விரைந்தோம். சாதனையாளர்கள் சந்து முனை வரை வரிசையில் நின்றார்கள். யாரிடமும் பை இல்லை. ஜரிகைப் பொன்னாடையை விரித்துப் பிடித்தார்கள். ஜெயராணி கேடயத்தைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு நிறுத்துப் போட்டாள், அழகம்மா ஒவ்வொரு பொன்னாடைக்கும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். வரிசையின் கடைசியில், ஒற்றைச் செருப்போடு நொண்டி வந்து, விழாவில் மிஞ்சிய ஒரு பொன்னாடையை ஏந்தியபடி அண்ணாச்சி. "ஏ பிள்ளே, தீந்துராம, எனக்கு ரெண்டு கிலோ ஒதுக்கி வச்சிரு!"

இரண்டாம் நாள் கடல் அடங்கியது. கச்சால் கப்பலுக்கு அழகம்மாவை ஏற்றிவிட ஹேடோ போனோம். வரிசை நகரத் தொடங்கிய நேரத்தில் அண்ணாச்சி புதுச் செருப்போடு வந்து நின்றார். கக்கத்தில் சங்கத்து நடவடிக்கைக் குறிப்பேடு.

"அந்தக் கேடயத்தைக் கொடுத்துருங்கம்மா. அது சங்கத்துச் சொத்து."

"எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"விழாவே நடக்கல வே. மழை, கரண்டும் போச்சு, விழா ஒத்திவைப்பு. நோட்டுல எழுதியாச்சு. நடக்காத விழாவுல கொடுத்த விருது எப்படிச் செல்லும்? சிவபிரகாஷ் வேற ஒரு பக்கம் குதிக்காரு."

"கரண்ட் போச்சா? அப்போ இருட்டுல எப்படி அவ்வளவு நேரா வாசலைக் கண்டுபிடிச்சு ஓடினீங்க?"

"யாருய்யா ஓடினா? நீரு கதை கட்டுதீரு. ஊருக்கே தெரியும், உம்ம வாயில ஒண்ணு பத்தாகும்."

இது எனக்கு வலித்தது. வாழ்நாளெல்லாம் ஒன்றைப் பத்தாக்கியவன் ஒரே ஒரு நாள் ஒன்றை ஒன்றாகச் சொன்னால், அன்றைக்குப் பார்த்து எவன் நம்புகிறான்? போன் படத்தைக் காட்டினேன். "இது உம்ம கட்டைவிரலு" என்றார்.

ஜெயராணி உதட்டைக் கடித்தாள். "கொடுத்துரும்மா. நமக்கு எதுக்கு இவங்க சாமான்?"

அழகம்மா கேடயம் இருந்த பையைத் திறக்கவில்லை. அதை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டு அண்ணாச்சியை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"ஐயா, அந்தச் சால்வைய பச்சத் தண்ணியில ஊறப் போட்டாங்களா வூட்டுல? ரெண்டு கிலோவுல அடியில கெடந்தது நல்லா பழுத்த பழமுங்க. முடிச்சப் போடுறப்பவே நசுங்கிருச்சு, நான் சொல்ல மறந்துட்டேன். சோப்பு போட்டா அந்தக் கறை போவாதுங்க."

கப்பல் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி குறிப்பேட்டைத் திறந்தார், மூடினார். சட்டைப் பையைத் தடவிப் பேனாவைத் தேடினார். நான் என் பேனாவை நீட்டினேன். எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே அடித்தார். அதன் கீழே 'ஜெயராணி, விருது வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அழகம்மா கப்பலில் ஏறினார். படியில் நின்று, பையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே மறைந்தார்.

அண்ணாச்சி என் பேனாவைத் திருப்பித் தந்தார். முகம் மட்டும் கடல் பக்கமே இருந்தது.

"சோப்பு போட்டுத் துவைச்சுட்டா வே என் வீட்டுக்காரி" என்றார். "நடந்துது. எல்லாம் நீரு சொன்ன மாதிரியே நடந்துது. நான்தான் எல்லாருக்கும் முன்னால ஓடினேன்."