டோக்கன் அவரிடம் இருக்கிறது

எங்கள் தீவின் ரயில் ஓடாமல் கிடந்த இரண்டு குளிர்காலங்களிலும் தண்டவாளம் துருப்பிடிக்கவில்லை. உப்புக்காற்று தேவாலயக் கதவின் கீல்களை அரித்தது, துறைமுகச் சங்கிலியை அரித்தது. தண்டவாளம் மட்டும் தினமும் சக்கரம் உருண்ட இரும்பைப் போல மின்னியது. இன்ஜின் துறைமுகக் கொட்டகையில் பூட்டியிருந்தது. சாவி ரயில் கார்டு பேசில் ட்யூப்லெய்னின் சட்டைப்பையில் இருந்தது.

ரயில் நின்றது அதன் டிரைவரான என் அப்பா ஆம்ப்ரோஸ் காடியனை அடக்கம் செய்த விதத்தால். தீவுக்காரர்களே சம்பளமில்லாமல் ஓட்டிய பழைய ரயில் அது. துறைமுகத்திலிருந்து கல்குவாரிவரை ஒற்றைப் பாதை. பித்தளை வளையம் போட்ட ஒரு மரக்கட்டைதான் டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே வண்டியை எடுக்கலாம். இன்னொரு டோக்கன் செய்யவே கூடாது, செய்தால் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடும். எங்களிடம் இருந்தது ஒரே இன்ஜின் என்பதற்காக யாரும் அந்த விதியைத் தளர்த்தியதில்லை. வாழ்நாளெல்லாம் அதை ஏந்தியவருக்கு மரியாதை என்று நினைத்து, கார்டு பேசில் அதை அப்பாவின் கைகளுக்கிடையில் வைத்துப் பெட்டியை மூடினார். எல்லோரும் அழுதோம். மண் போட்டு முடித்த பிறகுதான் ஒருவர் கேட்டார்: "அப்போ சனிக்கிழம வண்டிய எப்படி எடுக்கிறது?"

ரயில் நின்ற இரண்டாம் வருஷ ஏப்ரலில் ரயில் கமிட்டி கூடியது. மே மாத முதல் ஞாயிற்றுக்குள் வண்டி ஓடாவிட்டால் பாதையைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. இருந்த ஒரே வழி கல்லறையைத் திறப்பது. அதற்கு அம்மா சம்மதிக்க வேண்டும். பேசில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கு வந்தார்.

"ஒலிவ், சின்ன வேலைதான். சத்தமில்லாம எடுத்துடுறோம்."

"அவரு தூங்குறப்போ அவர் பையில நான் கைவிட்டதே இல்ல. இப்போ நீ கைவிடுறதுக்கு நான் சம்மதிக்கணுமா?"

"புத்திகெட்டு வச்சுட்டேன், ஒலிவ்."

"புத்தி இருந்தாத்தானே கெடுறதுக்கு! வா என்கூட."

அம்மா அவரைப் பாதைக்கு இழுத்துப்போய்க் குனியச் சொன்னாள். "தொட்டுப் பாரு."

தண்டவாளம் சூடாக இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்த நாள் அது. பேசில் கையை எடுக்காமல் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"டோக்கன் அவர்கிட்ட இருக்கு. பாதையும் அவரோடதுதான். அவரா கொண்டுவந்து குடுக்கட்டும்" என்றாள் அம்மா.

மே மாத முதல் ஞாயிறு, எங்கள் தீவில் பாலில் முட்டையும் ரம்மும் அடித்து எல்லா மதுக்கடைகளிலும் சும்மா ஊற்றும் நாள். மறுநாள் இரும்பு வியாபாரியின் படகு பக்கத்துத் தீவான குவெர்ன்சியிலிருந்து வருவதாக இருந்தது. அம்மா இரண்டு கோப்பைப் பால் வாங்கிக்கொண்டு துறைமுக நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக் கூடினார்கள். பிற்பகலில் தண்டவாளம் முனகியது. முட்புதர்களின் மஞ்சள் பூக்களுக்கிடையிலிருந்து நீல இன்ஜின் இரண்டு பெட்டிகளோடு வந்து, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது. பேசில் கொட்டகைக்கு ஓடினார். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

இன்ஜினுக்குள் அப்பா, அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டில் இருந்தார். தோளில் கொஞ்சம் மண். டோக்கனை வெளியே நீட்டினார். அதை வாங்க யாருக்கும் கை எழவில்லை. அம்மா கோப்பைகளை என்னிடம் தந்துவிட்டு எழுந்து வாங்கிக்கொண்டாள்.

"லேட்டாயிடுச்சு, ஏறு" என்றார்.

"ரெண்டு வருஷம் லேட்டு" என்றாள் அம்மா.

நாங்கள் எல்லோரும் ஏறினோம். அன்று தீவு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. இருபுறமும் கடல் வந்துகொண்டே இருந்தது. கடற்பறவைகள் ஜன்னலோடு சேர்ந்து பறந்தன, எங்கள் கோப்பைகளில் பால் அசையவில்லை. கலங்கரை விளக்கத்தை மூன்று முறை கடந்தோம். குவாரி வந்ததும் அப்பா இறங்கி, அம்மா கொடுத்த பாலைக் குடித்துவிட்டுக் கிரானைட் பாறைகளுக்குள் நடந்துபோனார். அம்மாவின் மடியில் டோக்கன் ஈரமாக இருந்தது. திரும்பும்போது வண்டியை பேசில் ஓட்டினார். இரும்பு வியாபாரியின் படகு வெறுமையாகத் திரும்பியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வண்டி அப்பாவுடையது. டோக்கனை அம்மாதான் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருகிறாள், கூடவே ஃபிளாஸ்க்கில் தேநீரும். சர்க்கரை அதிகம் என்று இன்னும் குறை சொல்கிறாராம்.