பதினேழாம் எண் சீட்டு

எதிரே உட்கார்ந்தவன் நீட்டிய சீட்டை இவன் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் பதினேழு என்று இருந்தது. பதினேழு, இவனோடு குடியிருக்கும் எலெக்ட்ரீஷியனின் எண்.

ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கான எச்.ஐ.வி. பரிசோதனை அறை அது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது இவன் வேலை. வந்து போகிற ஒவ்வொருவரிடமும் அவரவர் எண் போட்ட மூன்று சீட்டுகளைக் கொடுத்தனுப்புவார்கள், தன்னைப் போன்ற மூன்று பேருக்குக் கொடுக்கச் சொல்லி. போஸ்டருக்கு அசையாதவன்கூடக் கூட்டாளி சொன்னால் வருவான். யார் கொடுத்தது, என்ன பழக்கம் என்று மட்டும் கேட்கவே கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே இவன்தான்.

எலெக்ட்ரீஷியனும் இவனும் நான்கு வருடமாக ஒரே வீட்டில். வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் அக்கா தங்கை பிள்ளைகள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். போன மாதம் எலெக்ட்ரீஷியன் தானாக வந்து பரிசோதித்துக்கொண்டான். ஒன்றும் இல்லை. "நீயும் ஒரு தடவ பாத்துக்கயேன்" என்றான். "எனக்கெதுக்கு, நீ ஒருத்தன்தான" என்று இவன் சிரித்துவிட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குச் சுருட்டை முடி, நல்ல பல்வரிசை. பாவி, அழகாக வேறு இருந்தான். இவன் உறையைக் கிழித்துப் பரிசோதனைப் பட்டையை மேசையில் வைத்தான், அவன் விரலைப் பஞ்சால் துடைத்தான்.

"ரெண்டு வாரமா வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேங்க. இன்னைக்குத்தான் மேல ஏறினேன்."

வாயை மூடிக்கொண்டு குத்தியிருக்கலாம்.

"சீட்டு குடுத்தவர் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

சுருட்டைமுடிக்காரன் விரலை இழுத்துக்கொண்டான். "இங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்கன்னு அவர் சொன்னாரே."

அவராம். "இல்ல தம்பி, சும்மாதான்..."

"சும்மா எதுக்குங்க கேக்கணும்?"

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டான். இவன் படி வரைக்கும் ஓடினான். கூப்பிடப் பெயர்கூடத் தெரியாது. இங்கே பெயர் கேட்கிற வழக்கமில்லை. இரண்டு வாரம் தயங்கி வந்தவன் இனி எங்கே வரப்போகிறான்? இவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதும் அந்தப் பல்வரிசைதான் கண்ணுக்குள் நின்றது.

கிழித்த உறையை ஒட்ட முடியாது. கதவைச் சாத்திவிட்டு, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். குத்தாத ஊசியை எடுத்துத் தன் விரலில் குத்திக்கொண்டான். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான். நன்றாகவே வலித்தது. ரத்தம் பட்டையில் மெல்ல ஊறி மேலேறியது.

வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். "அடுத்து நான் வரலாமாங்க?"

"உள்ள ஆள் இருக்கு" என்றான் இவன். "கொஞ்ச நேரம் ஆகும்."