வரப்புக் கல்லடியில் வைத்த டப்பா

‘டப்பாவைக் காணவில்லை’ என்று மூன்றாவது ஆளும் செயலியில் எழுதியதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தேடுகிறார்களோ என்று திட்டியபடியே, ஞாயிறு காலை சர்ச்சில் முதல் பூசை முடிந்த கையோடு சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

என் பொழுதுபோக்கைச் சொன்னால் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். ஜியோகேச்சிங் என்று பெயர். ஓர் இடத்தில் டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் வரைபடக் குறியைச் செயலியில் போட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் பேரும் தேதியும் எழுதி, ஒரு சாமானை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போவார்கள். வாழப்பாடியில் வைத்த டப்பாவில் எறும்பு புகுந்து தாளைத் தின்றுவிட்டது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் புதரைக் குடைவதைப் பார்த்த டீக்கடைக்காரர் போலீஸைக் கூப்பிடப் போனார். இதெல்லாம் பழகிவிட்டது.

இந்த டப்பாவை நாலு மாதத்துக்கு முன் ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் வரப்பில், எல்லைக் கல்லடியில் புதைத்திருந்தேன். வெளியே தெரியக்கூடாதென்று கருப்புப் பெயின்ட் அடித்தேன். பேர் எழுதும் தாளைச் சுருட்டி, கைக்கு அகப்பட்ட சிவப்பு நூலால் கட்டினேன். இடத்துக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. நான் கேட்கவில்லை. ஒரு சின்ன டப்பாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போய்ப் பார்த்தால் கல்லடியில் குழி இருந்தது. குழியைச் சுற்றி அறுத்த எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கிடந்தன. பக்கத்தில் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்ற அம்மாள் என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, என்னத்தத் தேடறீங்க?”

சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயர் அங்காளம்மாள். புருஷன் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கக் கொடிக்கால் அவருடைய கொழுந்தனுடையது. வாய்க்கால் அவர்கள் நிலத்தின் வழியாகத்தான் இவருக்கு வருகிறது. கொழுந்தன் பெண்டாட்டி வசந்தாமணி களை பறிக்கும்போது டப்பா அகப்பட்டிருக்கிறது. கருப்பு டப்பா, சிவப்பு நூல், யாரோ வைத்துப்போன துணிப் பொம்மை. தாளில் ஏழெட்டுப் பேர்கள். அதில் ஒன்று வெண்ணிலா. வசந்தாமணியின் மருமகள் பேரும் வெண்ணிலா. அவளுக்கு அதற்கு முந்தின வாரம்தான் கரு கலைந்திருந்தது.

“நாந்தான் செய்வினை வெச்சேன்னு மடைய அடைச்சுப் போட்டாங்க. இருவது நாளு. வெத்தலையெல்லாம் வாடிப் போச்சு. சத்தியம் பண்ணேன், நம்புலீங்க. கடைசில, ஆமா, ஆள உட்டு வெச்சேன், தப்புத்தான்னு அவ கால்ல உழுந்தேன். அப்பறந்தான் தண்ணி உட்டாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. “வாங்கம்மா, நான் வந்து சொல்றேன். என்கிட்ட போட்டோவே இருக்கு.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாஞ் சாமி. தண்ணி வருதில்ல, அது போதும். நீங்க ஒண்ணுஞ் சொல்லாதீங்க.”

நான் கேட்கவில்லை. என் புத்தியே அதுதான். செய்யாத குற்றத்தை ஒரு பெண் என்னால் சுமப்பதா என்று நியாயம் பேசிக்கொண்டு நடந்தேன். உண்மையில் என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் அவசரப்பட்டேன். இன்றைக்கு அது தெரிகிறது.

வசந்தாமணி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். சத்தமெல்லாம் போடவில்லை. நான் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டார்.

“அந்தத் தாள்ல இருக்கற வெண்ணிலா ஆருங்க?”

“ஈரோட்டுப் பொண்ணுன்னு நினைக்கிறேன். நேர்ல பார்த்ததில்லைங்க.”

“அந்த டப்பாவத் தேடி ஈரோட்டுல இருந்து வந்தா?”

“ஆமாங்க. இது ஒரு விளையாட்டு.”

எனக்கே அது கேவலமாக ஒலித்தது. செல்போனில் போட்டோவை எடுத்து நீட்டினேன். டப்பா வைத்த அன்று நானே எடுத்தது, தேதியோடு. கையில் கருப்பு டப்பா, முகத்தில் ஈயென்று ஒரு சிரிப்பு. வசந்தாமணி செல்போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு விரலால் ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

என் தோளுக்குப் பின்னால், அகத்தி வரிசைக்கு நடுவே, தூரத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் அங்காளம்மாள். இத்தனை நாளில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

“ஆள உட்டு வெச்சேன்னு அவளே சொன்னா. ஆருன்னு மட்டும் சொல்லுல. அப்ப அந்த ஆளு நீங்கதானுங்களா?”

“ஐயோ, எனக்கு இவங்க யாருன்னே தெரியாதுங்க. அவங்க செய்யவே இல்லை.”

“செய்யாதவ எதுக்குங்க கால்ல உழுவா?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தண்ணீருக்காக என்று சொன்னேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

“அப்பத் தண்ணிக்காகத்தான் மன்னிப்புக் கேட்டிருக்கா, மனசார இல்ல,” என்றார் வசந்தாமணி. கிள்ளிய வெற்றிலையைக் கூடையில் வைத்துவிட்டு வாய்க்காலுக்குப் போனார். மண்வெட்டியால் நாலு வெட்டு மண் இழுத்துப் போட்டு, காலால் மிதித்து மடையை அடைத்தார்.

திரும்பி வந்தபோது அங்காளம்மாள் வரப்பில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் வாய்க்கால் வற்றிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“போயிருங்க சாமி. நீங்க இங்க நின்னா, நாந்தான் கூட்டியாந்தேன்னு இன்னும் பேசுவாங்க.”

“நான் நல்லதுக்குத்தாம்மா...”

“சொல்லாதீங்கன்னு சொன்னனுங்களே,” என்றார்.