வட்ட ரயிலில் தலைமையாசிரியை

அழகு முகத்தில் இல்லை, மனதில் இருக்கிறது என்று சியோல் நகரத்துப் பெண்பிள்ளைகளுக்குக் காலைக் கூட்டம் தவறாமல் உபதேசம் செய்தவள் என் மனைவி மியொங்சுக். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. போன வாரம்தான் கண்ணிமையைத் தூக்கித் தைத்துக்கொண்டு வந்தாள்.

"அழகுக்கு இல்லங்க. இமை தொங்கி பார்வைய மறைக்குது."

அக்கம்பக்கத்தில் கேட்டால் மலைக்கோயிலில் தியானத்துக்குப் போயிருப்பதாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

சனிக்கிழமை, மகள் தாஹியின் வருங்கால மாமியார் வீட்டாரோடு முதல் விருந்து. அதற்குள் வீக்கம் வடிய வேண்டும். வடிய வேண்டுமென்றால் தலையை உயர்த்தி வைத்து மல்லாந்து தூங்கச் சொல்லிவிட்டார் டாக்டர். இவளோ பிறந்ததிலிருந்து சூடேற்றிய தரையில் குப்புறப் படுத்தே பழகியவள். தலையணைகளை அடுக்கி ஒரு சிம்மாசனமே கட்டிக் கொடுத்தேன். அதில் ராணி மாதிரி சாய்ந்து கொட்டக்கொட்ட விழித்திருந்தாள். நன்றாகத் திறக்க வேண்டும் என்று தைத்த கண், இப்போது மூட மாட்டேன் என்றது. பூசணிச் சாற்றைப் பாக்கெட் பாக்கெட்டாகக் குடித்தும் வீக்கம் அசையவில்லை.

தாஹிதான் போனில் வழி சொன்னாள். "அம்மா ஸ்கூலுக்குப் போறப்ப தினமும் மெட்ரோல உட்கார்ந்துக்கிட்டேதானே தூங்குவாங்க? ரெண்டாம் லைன்ல ஏத்தி விடுங்கப்பா. சுத்திச் சுத்தி வரும், யாரும் எழுப்ப மாட்டாங்க."

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மாஸ்க் சகிதம் கிளம்பினோம். தலை சாய்க்கச் சுவர் உள்ள மூலை இருக்கைகள் எல்லாம் முதியோருக்கானவை. "அது கிழவங்க சீட்டு" என்று இத்தனை காலம் அந்தப் பக்கமே போகாதவள், தூக்கத்துக்காக வைராக்கியத்தை விட்டு உட்கார்ந்தாள். ஆற்றுப் பாலம் வருவதற்குள் மாஸ்க்குக்குள் குறட்டை. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போது மலையேறும் கோலுடன் ஒரு பெரியவர் வந்து தரையைத் தட்டினார்.

"ஏம்மா பொண்ணு! எந்திரி. பெரியவங்க சீட்ல வயசுப்புள்ள கால நீட்டித் தூங்கறியே, வீட்ல வளர்த்தவங்க சொல்லித் தரலையா?"

பார்த்தால் என்னைவிட இளையவராகத் தெரிந்தார். "ஐயா, இவங்களுக்கு..." என்று நான் வாயெடுத்ததுமே என் முழங்காலில் அவள் உதை விழுந்தது. முதியோர் பயண அட்டை கைப்பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். அவள் எழுந்தாள். குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து, இடுப்பு மடியக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிடுங்க தாத்தா." கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட குரல் அது.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க!" என்று முனகியபடி அவர் உட்கார்ந்தார்.

வீடு வரை நின்றுகொண்டே வந்தாள். "கேட்டீங்களா? பொண்ணாம்."

"இவ்வளவு மூடினா நானும் பொண்ணுதான்."

"பொறாமை."

அன்று தானாகவே சிம்மாசனத்தில் ஏறினாள். மல்லாந்தபடி, புன்னகை மாறாமல், வெயில் முகத்தில் விழும்வரை தூங்கினாள். அதன்பிறகு அவளுக்கு ரயிலும் தேவைப்படவில்லை, பூசணியும் தேவைப்படவில்லை. வீக்கம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை விருந்தில் சம்பந்தியம்மா கெண்டி சாய்த்துத் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "முகம் எவ்வளவு தெளிவா இருக்கு! என்ன பண்றீங்க சம்பந்தி?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி நல்லாத் தூங்கறேன்" என்றாள் தலைமையாசிரியை. பொய்யில்லை.

சம்பந்தியம்மா அவள் இமையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் சாய்ந்து மெல்லச் சொன்னாள். "எனக்கும் போன வருஷம் அப்படித்தான் நல்ல தூக்கம் வந்துச்சு. தையல் பிரிக்கறவரைக்கும் மல்லாந்தே படுத்திருந்தேன்."

இரண்டு பேரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில், கல்யாணத் தேதியை நாங்கள் ஆண்களே குறிக்க வேண்டியதாயிற்று.