தூங்காத வண்டி

மெக்கானிக் செம்மல் பானெட்டைத் தொடவே இல்லை. டிக்கியைத் திறந்து, விரிப்பைச் சுருட்டித் தள்ளிவிட்டு, மூலையில் கிடந்த சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினார். செல்வராணி பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவிய எடுத்துக்கிட்டு அங்கிட்டு புளியமரத்துப் பக்கம் போயிருங்க தங்கச்சி. சாவி கிட்டக்க இருந்தா வண்டி முழிச்சுக்கிட்டே இருக்கும். அது தூங்குனாத்தான் எது கரண்ட்ட குடிக்கிதுன்னு தெரியும்."

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். நல்ல வண்டிதான், அவள் பக்கத்தில் இருந்தால் தூக்கம் வராதாம்.

சார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் புருஷன் சிவபிரகாஷ், போன லீவில் வந்தபோது சென்னையில் பழைய வண்டியாக வாங்கிய ஹைபிரிட் கார் அது. பின்சீட்டுக்கு அடியில் வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரி, டிக்கியில் வண்டியை எழுப்புகிற சின்ன பேட்டரி. சின்னது செத்தால் பெரியது உயிரோடிருந்தும் பிரயோஜனமில்லை, கதவுகூடத் திறக்காது. அதுதான் வாரத்துக்கு ஒருமுறை செத்துக்கொண்டிருந்தது. புது பேட்டரி மாற்றியும் செத்தது. சாவியை வாசல் பக்கத்து ஆணியிலிருந்து எடுத்து அடுப்படிக்கு மாற்றியும் செத்தது. யாராவது டிராக்டரைக் கொண்டுவந்து வயர் கொடுத்து எழுப்புவார்கள். இன்றைக்கும் அப்படித்தான் எழுப்பிக்கொண்டு ஆலங்குடிக்கு வந்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வித்துருவேன். பொம்பளைக்கு எதுக்குக் காரு, ஊரு சுத்தவா?" என்று சிவபிரகாஷ் போன வாரம் போனில் சொல்லிவிட்டான். ஊர் சுற்றுகிறாளாம்! குளத்தூரில் அப்பா ஒரு பக்கம் கைகால் விழுந்து கிடக்கிறார். தோப்பு வீட்டிலிருந்து ரோட்டுக்கு நடந்து, புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று போனால், அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி அன்றைக்கே திரும்ப முடியாது. கார் வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா மகள் கையால் சாப்பிட்டார். கார் போனால் அதுவும் போயிற்று.

இந்தக் காரால் ஏற்கெனவே ஒன்று போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் திருக்கோகர்ணத்தில் கூடப் படித்த பிளெஸ்ஸி வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தாள். ராத்திரி போனில் சிவபிரகாஷ் கேட்டான், "கோகர்ணத்துல என்ன வேல ஒனக்கு?" அதை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான், பக்கத்துத் தோப்பு பொற்கொடியிடம். சிவபிரகாஷின் பெரியப்பா மருமகள், செல்வராணிக்கு அக்கா முறை. சுடுசோறு வடித்தால் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுகிற மனுஷி. கூட இருந்தே குழி பறிக்கிறாளே என்று இவளுக்கு வயிறெரிந்தது.

அப்புறம் பொற்கொடியின் மகள் ஹரிணி பெரியவளானாள். சடங்குக்கு அழைக்கப் பொற்கொடி தட்டில் குங்குமமும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டாள். இவள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்க் குங்குமம் எடுத்துக்கொள்ளவில்லை. குங்குமத்துக்கு வராதவள் என்றால் உறவே வேண்டாம் என்பவள்தான், ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பொற்கொடி ரொம்ப நேரம் நின்றுவிட்டு, வெற்றிலை பாக்கைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். சடங்கன்று மைக்செட் சத்தத்தைக் கேட்டபடி இவள் வீட்டிலேயே கிடந்தாள். அதோடு பேச்சு நின்றது.

செம்மல் கையசைத்துக் கூப்பிட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"பியூஸ ஒண்ணொண்ணா புடுங்கிப் பாத்தேன். எதப் புடுங்குனாலும் மீட்டரு எறங்கல. பியூஸுக்கு முன்னாடியே ஒயரத் தொட்டு நேரா கரண்ட் எடுத்துருக்காங்க. இங்க பாருங்க."

தீப்பெட்டி அளவில் கறுப்பு டப்பா. சிவப்பு வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது?"

செம்மல் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தார். "ஜிபிஎஸ்சு. வண்டி எங்க நிக்கிது, எங்க போவுதுன்னு போன்ல காட்டும். சிம்மு உள்ள இருக்கு. சார் மாட்டிருப்பாரு. திருட்டுப் போயிரக் கூடாதுன்னு மாட்டுறதுதான்."

சார்ஜாவுக்குக் கிளம்புமுன் சீட் கவர் போட்டு வருகிறேன் என்று புதுக்கோட்டைக்கு எடுத்துப்போய்ப் பொழுதுக்கும் நின்று வந்தானே! தனக்காக வெயிலில் அலைகிறானே என்று அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நாசமாய்ப் போகிற கோழிக் குழம்பு.

"புடுங்குங்க."

"புடுங்குனா ஒடனே அவருக்கு மெசேஜு போவும் தங்கச்சி. எனக்கு எதுக்கு வம்பு? அவர்ட்ட ஒரு வார்த்த..."

"புடுங்குங்கண்ணே."

பிடுங்கினார். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கி நின்றது. வண்டி கடைசியில் தூங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"வண்டி எங்க நிக்கிது?" என்றான் சிவபிரகாஷ். நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"வீட்டுலதான் நிக்கிது."

அவன் குரல் ஏறியது.

"பொய் சொல்றியா நீ? ஆலங்குடில ஒர்க்ஷாப்புல நிக்கிற."

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

டப்பாவைச் சொல்லிவிடு, சொல்லித்தான் தொலையேன் என்று அவள் மனசு கெஞ்சியது. சொல்லியிருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பாள்.

"பொற்கொடி அக்காவா?" என்றாள்.

"ஆமா. மதினிதான் இப்ப போன் பண்ணாங்க."

அவள் போனை அணைத்தாள். கண்ணீர் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. செம்மலிடம் கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டாள். வயர் இல்லாமலும் அது மினுக்கியது. உள்ளேயே கொஞ்சம் சார்ஜ் இருக்கும், அப்புறம்தான் அணையும் என்றார்.

வண்டி சத்தமில்லாமல் தோப்புப் பாதையில் ஊர்ந்தது. தன் வீட்டைத் தாண்டிப் பொற்கொடி வீட்டு வாசலில் நிறுத்தினாள். சடங்குக்குக் கட்டிய வாழைமரங்களை இன்னும் அவிழ்க்கவில்லை, காய்ந்து மடிந்து தொங்கின. உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா."

மிக்சி நின்றது. ஜன்னல் பக்கம் ஹரிணியின் புதுத் தாவணி தெரிந்து மறைந்தது. யாரோ ஏதோ மெதுவாகச் சொன்னார்கள்.

"அக்கா, நான்தான். செல்வி."

மிக்சி மறுபடியும் ஓடத் தொடங்கியது. அவள் படிக்குக் கீழே நின்றாள். விரித்த உள்ளங்கையில் அந்தச் சிவப்பு வெளிச்சம், அவள் எங்கே நிற்கிறாள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.