சோசாம்மா எழுதாத வரிகள்

கடவுள் உண்டு என்பதற்கு என்னிடம் ஏழு காரணங்கள் இருந்தன. வேதபுத்தகத்தை நம்பலாம் என்பதற்கு ஒன்பது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன்; எதையும் எண் போட்டுச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லி மிஞ்சியதை, கோழஞ்சேரி முக்கு டீக்கடையில் சசிதரனிடம் சொல்லுவேன். கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன், கம்யூனிஸ்ட் கட்சிக்காரன். கடவுள் என்ற பேச்சை எடுத்தாலே பல் குத்த ஆரம்பித்துவிடுவான். பன்னிரண்டு வருஷ வாதத்தில் ஒரு தடவைகூடத் தோற்றுப்போனதாக ஒத்துக்கொண்டதில்லை. அவ்வளவு திமிர்.

அன்றைக்குக் காலையிலும் ஆரம்பித்தான்.

“ஏன் சாரே, அச்சு மெஷின் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் கையாலதானே எழுதினாங்க? நடுவுல ஒருத்தன் தனக்குப் பிடிக்காததை விட்டுட்டுப் போயிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கடவுளுக்குப் பயந்தவன் கை ஒரு வரியைக்கூட விடாதுடா.”

“ஆமா, நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தீங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பாத்தேன்டா! என் வீட்டுலயே பாத்தேன். வா, வந்து நீயே பாரு.”

எங்கள் ஒரே மகன் லிஜு. இருபத்தாறு வயசு. காய்ச்சல் என்று படுத்தவன் நாலாம் நாள் போய்விட்டான். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகும் என் மனைவி சோசாம்மா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான்தான் தாளும் பேனாவும் வாங்கிவந்து, “வேதபுத்தகம் முழுசையும் கையால எழுதுடி, மனசு ஆறும்” என்றேன். எங்கள் பக்கத்தில் பலபேர் செய்கிற காரியம்தான். இரண்டு வருஷம் எழுதினாள். இரண்டு தடிப் புத்தகமாக பைண்டு பண்ணியாயிற்று. வருகிற ஞாயிறு பிஷப் எங்கள் கோயிலுக்கு வந்து அதை வாங்கி ஜெபிக்கப்போகிறார். அன்றைக்கு என் பேச்சும் உண்டு, வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்று. அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுவதாக இருந்தேன். அதைவிட நல்ல அத்தாட்சி ஏது? நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. சோசாம்மா எழுத்தில் பிழை தேடுகிற அளவுக்கு எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை.

சசிதரனை முன்னறையில் உட்காரவைத்து, இரண்டாம் புத்தகத்தை அவன் மடியில் போட்டேன். “எந்தப் பக்கத்தை வேணா திற.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவில் ஒரு இடத்தில் திறந்தான். படித்தான். அடுத்த பக்கம் புரட்டினான், திரும்பி முந்தின பக்கத்துக்கே வந்தான். ரொம்ப நேரம் தலை நிமிரவில்லை. அப்புறம் புத்தகத்தை மெதுவாக மூடி மேசைமேல் வைத்தான்.

“ஒத்துக்கறேன் சாரே. எல்லாம் சரியா இருக்கு. நீங்க ஜெயிச்சீங்க.”

“அப்படி வா வழிக்கு!” என்று தொடையைத் தட்டினேன். அவன் சிரிக்கவில்லை. சோசாம்மா போட்ட டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது. அவனாவது ஒத்துக்கொள்வதாவது! அவன் திறந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். லூக்கா ஏழாம் அதிகாரம். நாயீன் ஊர் வாசலில் ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையில் கொண்டுவருகிறார்கள். அதுவரைக்கும் அவளுடைய குண்டு எழுத்து. அதற்குக் கீழே, அந்த மகன் உயிரோடு எழுந்திருக்கிற இடத்தில், ஏழெட்டு வரி வெறும் தாள். அப்புறம் மறுபடி எழுத்து.

யவீருவின் மகளைத் தேடினேன், வெறும் தாள். லாசரு, வெறும் தாள். முதல் புத்தகத்தை எடுத்தேன். எலியா எழுப்பின பிள்ளை, எலிசா எழுப்பின பிள்ளை, எல்லாம் வெறும் தாள். மொத்தம் பதினோரு இடம். செத்தவர் எவரும் என் வீட்டு வேதபுத்தகத்தில் எழுந்திருக்கவில்லை. அந்தச் சசிதரன், லிஜுவின் சவப்பெட்டிக்கு முன்பக்கத் தோள் கொடுத்தவன், எனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

சோசாம்மா பின்கட்டில் மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“என்னடி இது?”

எட்டிப் பார்த்தாள். “இடம் விட்டிருக்கேன் அச்சாயா. சரியா அளவு பாத்துதான் விட்டிருக்கேன்.”

“ஏன் விட்டே? நம்பிக்கை போயிடுச்சா உனக்கு?”

“போயிருந்தா நல்லா இருந்திருக்குமே! ஏதோ கதைன்னு கிறுக்கித் தள்ளிட்டுப் போயிருப்பேன்.” செதில் ஒட்டின கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். “நடந்ததுன்னு நம்பறேன் அச்சாயா. கர்த்தர் அந்தப் பாடையைத் தொட்டாரு, பையன் எழுந்து உக்காந்து பேசினான். கண்ணால பாத்த மாதிரி நம்பறேன். அப்ப என் பிள்ளை பெட்டியை ஏன் தொடல? பேனாவை வெச்சா கை வெட்டி வெட்டி இழுக்குது. ஒவ்வொரு இடத்துலயும் எத்தனை நாள் உக்காந்திருக்கேன் தெரியுமா?”

புத்தகத்தைப் புரட்டினேன். “அவர் உயிர்த்தெழுந்தது?”

“அதெல்லாம் எழுதியாச்சு. அது அவங்க அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள விஷயம். அதுல எனக்குப் பொறாமை இல்ல. பிள்ளை திரும்பக் கிடைச்ச இந்தப் பொம்பளைங்களை நெனச்சாத்தான்...” மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். “நீங்க படிச்சவரு. எத்தனையோ காரணம் வெச்சிருக்கீங்க. இதுக்கு ஒண்ணு சொல்லுங்க. கை கழுவிட்டு இப்பவே எழுதிடறேன்.”

வாயைத் திறந்தேன். “தேவ சித்தம்” என்றேன்.

“அது எனக்கும் தெரியும்” என்று மீனுக்குத் திரும்பிவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை பிஷப் கையில இப்படியா கொடுக்கறது?”

“நீங்க எழுதிடுங்க. உங்களுக்கென்ன?” குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அச்சுப் புத்தகத்தை இடதுபக்கம் விரித்துவைத்துக்கொண்டு எழுதினேன். எலிசா எழுப்பின பிள்ளை கண்ணைத் திறந்தான். யவீருவின் மகள் எழுந்து நடந்தாள். லாசரு வெளியே வந்தான். நாயீன் ஊர்ப் பையனை அவன் அம்மாவிடம் ஒப்படைத்த வரியையும் எழுதினேன். நடுவில் ஒரு தடவை டீ குடித்தேன். விளக்கு வைப்பதற்குள் பதினோரு இடமும் முடிந்துவிட்டது.

பழக்கதோஷம், எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஒரு அடித்தல் இல்லை. கரும்பலகையில் கணக்குப் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். கை எங்கேயும் நடுங்கவில்லை. லிஜு எனக்கும் பிள்ளைதானே? இதெல்லாம் நடந்தது என்று நான் நம்பியிருந்தால் இந்தக் கை எப்படி எழுதியது? ஐயோ, முப்பது வருஷமாக நான் எதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்?

சோசாம்மா வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நாயீன் பக்கத்தில் என் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“உங்களால முடிஞ்சுது பாருங்க” என்றாள். “எனக்கில்லாத நம்பிக்கை உங்களுக்கு இருக்கு.”

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.